ஆர்டர் நகையின் டிசைன் யாருக்குச் சொந்தம்? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேச வேண்டியவை

“தங்கம் என்னுது, கூலியும் கொடுத்தாச்சு. அப்போ டிசைனும் என்னுதுதானே?” ஆர்டர் நகைகளுக்கு வரைந்து கொடுப்பது என் தொழில், இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. நகை சந்தேகமில்லாமல் உங்களுடையது. விற்கலாம், உருக்கலாம், மகளுக்குப் போடலாம். டிசைன் தனிக் கணக்கு. அதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

முதலில், அந்த டிசைனில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மாங்காய் மாலை, காசு மாலை, ஜிமிக்கி, அவரவர் குலத்துத் தாலி இதெல்லாம் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் அது காப்பது அந்தப் பெயரைத்தான், தலையில் வைக்கும் ராக்கொடியைச் செய்யக்கூடாது என்று யாரையும் தடுக்காது. பாட்டி காதில் போட்டிருந்த பாம்படத்தைக் கொண்டுவந்து “இதையே சின்னதா செஞ்சு குடுங்க” என்றால், அதில் நான் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. அதே பாம்படத்தின் உருண்டையையும் சதுரத்தையும் வைத்து நானே யோசித்து ஒரு வளையல் வரைந்தால், அந்த வரைபடம் என் படைப்பு.

இங்கேதான் சட்டம் இரண்டு பக்கம் இழுக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர்தான் முதல் உரிமையாளர். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் உரிமை காசு கொடுத்தவருக்குப் போகும். நகை வரைபடத்தை அந்தப் பட்டியலில் தனியாகச் சொல்லவில்லை. கடையில் சம்பளத்துக்கு வரைபவர் வேலையாக வரைந்தது கடைக்குச் சேரும். ஆனால் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக உருவாக்கிய டிசைனுக்கு, யாருக்காக உருவாக்கினாரோ அவரையே உரிமையாளர் என்கிறது. ஒரே வளையல், இரண்டு சட்டம், இரண்டு உரிமையாளர். எழுத்தில் இல்லாவிட்டால் தகராறு வருவதற்கு இதுவே போதும். அதனால் வரைகூலியைச் செய்கூலி, சேதாரத்தோடு கலக்காமல் பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். எதற்குப் பணம் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

உரிமையையே வாங்க வேண்டுமென்றால் வாய்ப்பேச்சு செல்லாது. இப்படி எழுதி வாங்குங்கள்: “இந்த வரைபடத்தின் பதிப்புரிமையையும் வடிவமைப்பு உரிமையையும், வரைகூலி பெற்றுக்கொண்டு, முழுக் காலத்துக்கும் எல்லா நாடுகளுக்கும் இன்னாருக்கு எழுதிக் கொடுக்கிறேன்.” அப்புறம் வரைந்தவரின் கையெழுத்து, தேதி, கூடவே வரைபடத்தின் நகல். காலத்தையும் இடத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால், பதிப்புரிமை ஐந்து ஆண்டுக்கு மட்டும், இந்தியாவுக்குள் மட்டும் எழுதிக் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. அடுத்த முகூர்த்தத்தில் இன்னொருத்தர் கழுத்தில் அதே நெக்லஸைப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு “இந்த டிசைனை இத்தனை வருடம் வேறு யாருக்கும் செய்ய மாட்டேன்” என்ற ஒரு வரி போதும். முழு உரிமையையும் கேட்டால் நான் கூலியை ஏற்றித்தான் கேட்பேன். இந்த ஒரு வரிக்கு அவ்வளவு ஆகாது.

எல்லோரும் மறப்பது அச்சை. மெழுகு மாதிரியிலிருந்து வார்த்தெடுக்கும் காஸ்டிங் நகைக்கு, முதலில் வெள்ளியில் ஒரு மாதிரி நகை (மாஸ்டர் பீஸ்) செய்வார்கள். அதை ரப்பர் அடுக்குகளுக்கு நடுவில் வைத்து, சூட்டில் அழுத்தி, ஆறியதும் பிளேடால் இரண்டாகப் பிளப்பார்கள். உள்ளே இதழின் நரம்பு வரைக்கும் பதிந்திருக்கும். அதில் மெழுகைச் செலுத்தச் செலுத்த ஒவ்வொன்றும் அச்சு அசலாக வரும். காகிதத்தில் உரிமை யாருக்கு இருந்தாலும், ரப்பர் அச்சும் கணினியில் வரைந்த கேட் (CAD) ஃபைலும் பட்டறை அலமாரியில் இருக்கும்வரை இன்னொரு நகை பிறக்க ஒரு நாள் போதாதா? அச்சு யாரிடம் இருக்கும், ஃபைலை யார் வைத்துக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் அச்சை வெட்டிப் போடுவார்களா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நகை செய்யும் பத்தரைச் சந்தேகப்படுவதாக ஆகாதா என்று தயங்க வேண்டாம். நல்ல பத்தர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வேறொரு கடையின் படத்தைப் போனில் காட்டி “அப்படியே வேணும்” என்று கேட்காதீர்கள். அது பதிவான டிசைனாக இருந்தால், செய்து விற்கும் பட்டறைதான் மாட்டும். என்ன பிடித்தது என்று சொல்லுங்கள், புதிதாக வரைந்து தருகிறோம்.

என்னைப் போல் வரைபவர்களுக்கு: ஒரு டிசைனை நிறையச் செய்து விற்கும் எண்ணம் இருந்தால் பதிவு செய்துவிடுங்கள். பதிவில்லாமல் தொழில்முறையில் 50-க்கு மேல் செய்துவிட்டால் அந்த டிசைனில் பதிப்புரிமையும் போய்விடும். டிசைன் பதிவு அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பாதுகாப்பு 10 ஆண்டு, அதன்பின் இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் முன்னமே வெளியான டிசைனைப் பதிய முடியாது. நம்பிக்கையின் பேரில் வாடிக்கையாளருக்கோ பத்தருக்கோ காட்டுவது பரவாயில்லை, இன்ஸ்டாகிராமில் போடுவதுதான் கெடுத்துவிடும். வாடிக்கையாளரும் ஆசையாகப் படம் போடுவார் என்பதால், விண்ணப்பம் போடும்வரை பொறுத்திருக்கும்படி அவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.