அந்த 888 எண் எல்லார் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் தொழில் கற்று, இருபது வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இப்போது நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் வீடுகளுக்கே போய்ப் பார்க்கிறேன். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்கள்.

போன ஆடியில் அப்படி ஒரு டீச்சரம்மா கூப்பிட்டார். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். "தம்பி, கொஞ்சம் உடனே வர முடியுமா?" என்றார். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கரும்பலகையில் எழுதுவது போன்ற திருத்தமான கையெழுத்தில் ஒரு நீள எண். 888 என்று தொடங்கி, நடுநடுவே ஆங்கில எழுத்துகள். "நான் எழுதினதையும் போன்ல பேசினவன் படிச்சதையும் ஒவ்வொண்ணா சரிபார்த்தேன். அப்படியே ஒத்துப்போச்சு தம்பி. அதனாலதான் நம்பினேன்."

பிரிண்டர் ஓடவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடியிருக்கிறார். மேலே வந்த முதல் எண், யாரோ விளம்பரமாகப் போட்டிருந்த போலி எண். எடுத்தவன் மரியாதையாகப் பேசி, பிரிண்டரில் கோளாறு இல்லை, கம்ப்யூட்டரில் வைரஸ் என்றான். தூரத்திலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை இறக்கச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்டு வாங்கினான். அந்த எண்ணைச் சொல்லி 'அக்செப்ட்' அழுத்தினால், அதற்கப்புறம் மவுஸ் அவன் கையில்.

அடுத்து ஆதாரம் காட்டினான். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாகப் படித்தவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முதலில் ஈவென்ட் வியூவர் என்ற பக்கத்தைத் திறப்பான். வரிசையாகச் சிவப்புக் குறி, மஞ்சள் குறி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'எரர்', 'வார்னிங்'. பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். உண்மையில் அது விண்டோஸ் தனக்காக எழுதிவைக்கும் நாட்குறிப்பு. நெட் ஒரு நிமிடம் விட்டுப்போனாலும், ஏதோ ஒரு புரோகிராம் தாமதமாகத் தொடங்கினாலும் அதில் ஏறிவிடும். நல்ல நிலையில் ஓடும் கம்ப்யூட்டரிலும் அது நிறைந்திருக்கும்.

இரண்டாவது அந்த 888 எண். கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை கொடுப்பான். நீளப் பட்டியல் ஓடி, கடைசி வரியில் அந்த எண் நிற்கும். "இது உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரிய லைசென்ஸ் எண், எங்கள் பதிவேட்டிலும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அவனே படித்துக் காட்டுவான். அது லைசென்ஸ் எண்ணே இல்லை. ஜிப் கோப்பு தொடர்பாக விண்டோஸ் உள்ளுக்குள் வைத்திருக்கும் ஒரு குறியீடு, எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான். என் லேப்டாப்பைத் திறந்து அதே கட்டளையைக் கொடுத்தேன். டீச்சரம்மா காலண்டர் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றைக்கே செய்து காட்டுங்கள். ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஈவென்ட்ஸ்' என்பதை அழுத்துங்கள். ஒருமுறை அமைதியாக உட்கார்ந்து பார்த்தவர்களை அந்தச் சிவப்புக் குறி பிறகு பயமுறுத்தாது.

இந்த மோசடியின் இன்னொரு வகையில் நீங்கள் யாரையும் தேட வேண்டியதில்லை. ஏதோ ஒரு தளத்தைப் பார்க்கும்போது திரை முழுக்க எச்சரிக்கை வந்து, சைரன் அடித்து, ஒரு போன் எண் காட்டும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்கவே இருக்காது. எஸ்கேப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், பிரவுசரை மூடிவிடலாம். மூட முடியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கஸ்டமர் கேர் எண் வேண்டுமா, பெட்டியிலோ வாரன்ட்டி அட்டையிலோ பாருங்கள். "இன்று இரவு கரண்ட் கட்" என்று வரும் எஸ்எம்எஸ்ஸில் உள்ள எண்ணுக்கும் இதே கதைதான், கூப்பிடவே வேண்டாம்.

எனிடெஸ்க் கெட்ட மென்பொருள் இல்லை. நானே அதில் வேலை பார்ப்பதுண்டு. ஆனால் அது ஓடும்போது வங்கிப் பக்கத்தைத் திறக்கக் கூடாது, ஓடிபி சொல்லக் கூடாது. டீச்சரம்மாவிடம் 1,499 ரூபாய் கட்டணம் என்று சொல்லி நெட்பேங்கிங்கைத் திறக்க வைத்தான். அப்புறம் திரை கறுத்துவிட்டது. "ஸ்கேன் ஓடுகிறது, தொடாதீர்கள், போனில் வரும் சர்வீஸ் எண்ணைச் சொல்லுங்கள்" என்றான். அவன் கேட்டது ஓடிபி. 48,000 ரூபாய் போனது.

இப்படிப் பாதியில் சந்தேகம் வந்தால் அவனிடம் வாதம் செய்யாதீர்கள். முதலில் ரவுட்டரின் சுவிட்சை அணையுங்கள், பிறகு கம்ப்யூட்டரை. எனிடெஸ்க் போனில் இருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டு, வேறு போனை எடுங்கள். ஏடிஎம் அட்டையின் பின்னால் உள்ள எண்ணில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930. மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் மோசடி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கியில் புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாமே ஓடிபி சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஈமெயில் பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் எனிடெஸ்க்கை மட்டும் நீக்கினால் போதாது, வேறென்ன போட்டு வைத்தான் என்று தெரியாது. முக்கியமான கோப்புகளை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நான் செய்வது.

டீச்சரம்மா மகனிடம் சொல்லத் தயங்கி இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு இன்னும் வருத்தம். ஏமாந்தவரைத் திட்டும் வீடாக நம் வீடு இருந்தால், நம் அம்மாவும் இப்படித்தான் தயங்குவார்.

ஒருமுறை ஏமாந்தவருக்கு அடுத்து இன்னொரு போன் வரும். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டணம்" என்பார்கள். டீச்சரம்மாவுக்கு ஒன்பதாம் நாள் வந்தது. பாதிப் பேச்சிலேயே வைத்துவிட்டு, அந்த எண்ணைக் காலண்டர் தாளில் குறித்து எனக்குக் காட்டினார்.