வேடந்தாங்கல் ஒலிகளிலிருந்து ஐந்து நிமிட ஒலிக்கோவை: முதன்முறை செய்பவர்களுக்கு

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் பதிவு செய்த ஒலிகளை மட்டும் வைத்து ஐந்து நிமிட ஒலிக்கோவை ஒன்றைச் செய்து முடித்தேன். வாத்தியம் எதுவும் சேர்க்கவில்லை. செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். ரெக்கார்டரை இயக்குவது, கோப்பைக் கணினிக்கு மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. பதிவு

சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. வாசல் திறந்ததுமே ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். நேரம் ஆக ஆக மனிதப் பேச்சுதான் அதிகம் பதிவாகும். (பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. நாமும் அங்கே மெதுவாகப் பேசலாம்.) வேவ் கோப்பு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். 48 போதும் என்பார்கள். ஆனால் பின்னால் வேகத்தைக் குறைக்கப்போகிறோம், அதற்கு 96 நல்லது. உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ட்ரைபாடில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் நில்லுங்கள். ஒரு பதிவு குறைந்தது 15 நிமிடம்.

2. காற்று

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இலைகூட அசையவில்லையே என்று மைக்குக்கு வெறும் பஞ்சு உறையோடு, ஹெட்போனும் போடாமல் 40 நிமிடம் பதிவு செய்தேன். வீட்டில் கேட்டால் சில நொடிக்கு ஒருமுறை ‘பொத், பொத்’. முகத்துக்கு இதமாகப் படும் காற்றே மைக்கின் சவ்வை நேராகத் தள்ளிவிடுகிறது. அலைவடிவத்தின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டால் எந்த ஃபில்டராலும் அதை மீட்க முடியாது. அந்த நொடியில் கூவிய பறவையும் போச்சு. அந்தப் பதிவுக்காக மறுபடியும் போனேன். நீளமான ரோம உறை வாங்குங்கள், ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழான ஒலிகளைக் குறைக்கும் வசதி) போடுங்கள், பதிவு முழுக்க ஹெட்போனில் கேளுங்கள். என்னைக் கேட்டால், விலை கூடிய ரெக்கார்டரைவிட நல்ல உறைதான் முக்கியம்.

3. கேட்பது

வெட்டுவதற்கு முன் முழுதாக இரண்டு முறை கேட்டேன். மஞ்சள்மூக்கு நாரை பெரும்பாலும் குரல் எழுப்பாது, அலகுகளைத் தட்டும். தூரத்தில் ‘டக டக டக’ என்று நாலு நொடி கிடைத்தது.

4. அடுக்குவது

ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருள் போதும், இலவசம். அடித்தளமாக வெட்டாத ஐந்து நிமிடப் பதிவு ஒன்று. அதன் மேல் அந்த நாலு நொடியை மட்டும் கால் வேகத்தில் வைத்தேன்: 16 நொடியாக நீண்டு, இரண்டு ஸ்தாயி கீழிறங்கி, கைத்தறி ஓடுவது போல ஆனது. அப்புறம் வேறெதுவும் சேர்க்கவில்லை. பத்துப் பறவைகளை அடுக்கினால் ஏரியே காணாமல் போய்விடும். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் பக்கம் போகவே வேண்டாம். நீரின் சலசலப்பையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு தகரச் சத்தம் ஆக்கிவிடும்.

பின்சேர்க்கை: ஒட்டிய இடத்தில் ‘டிக்’ என்று கேட்கிறது என இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வெட்டும் முன் இசட் விசையை அழுத்தினால் தேர்ந்தெடுத்த பகுதியின் விளிம்புகள் அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்துக்கு நகரும். ஸ்டீரியோவில் இது பல நேரம் போதாது, இரண்டு சேனலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் பூஜ்யத்தைத் தொடாது. துண்டுகளை இரண்டு டிராக்கில் ஒரு நொடி மேல்படிய வைத்து கிராஸ்ஃபேட் (ஒன்று மெல்ல அடங்க, மற்றது மெல்ல எழுவது) போடுங்கள், சரியாகிவிடும்.