கடலோர வீட்டுக் கம்ப்யூட்டரை முதல் முறையாகத் திறப்பது எப்படி?

போன ஆடியில் குளச்சலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போய் உட்கார்ந்ததுமே அக்கா மகள் வந்தாள். "மாமா, பவர் ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல." பக்கத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். மதர்போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "சரி மக்கா, ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வா" என்றேன். அரை மணி நேரத்தில் திரை வந்துவிட்டது. போர்டு மாற்றவில்லை. ஒரு பென்சில் ரப்பர்தான் தேவைப்பட்டது.

கம்ப்யூட்டர் என்பது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உலோகத் தொடுதல்களால் ஓடுவது. குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. அது ஈரத்தோடு சேர்ந்து அந்தத் தொடுதல்களின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. குலசேகரம் பக்கம் உப்பு இல்லை, ஆனால் மழைக்கும் ரப்பர் தோட்டத்து ஈரத்துக்கும் குறைவில்லை. நான் திறந்து பார்த்த 'செத்துப்போன' கம்ப்யூட்டர்களில் பலவற்றில் பாகம் எதுவும் கெடவில்லை, தொடுதல்தான் விட்டிருந்தது. இதைத் தெரிந்துகொள்ள பாகங்களின் பெயரும் அவை எங்கே, எப்படிச் சேர்கின்றன என்பதும் தெரிந்தால் போதும். வாருங்கள், சேர்ந்தே திறப்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

நம் ஊரில் அந்தப் பெட்டி முழுவதையும் 'சிபியு' என்கிறோம். பெட்டியின் பெயர் கேபினெட். சிபியு என்பது உள்ளே ஃபேனுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சதுரச் சில்லு, அதாவது பிராசஸர். "சிபியு போயிடுச்சு" என்று கடைக்காரர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம்.

தேவையானவை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் அடிக்கிற ஒரு அங்குல பிரஷ் (புதிது, காய்ந்தது), வெள்ளைப் பென்சில் ரப்பர், ஸ்க்ரூ போட்டு வைக்க ஒரு கிண்ணம், உங்கள் கைப்பேசியின் கேமரா. மை அழிக்கிற சொரசொரப்பான ரப்பர் வேண்டாம். அது தொடுபுள்ளிகளின் மேலிருக்கும் உலோக முலாமைச் சுரண்டிவிடும்.

படி 1: மின்சாரத்தை முழுமையாக எடுங்கள்

ஷட் டவுன் செய்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். அப்புறம் கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் அதில் தீர்ந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும். ஈரக் காற்றில் அது குறைவாகத்தான் சேரும். ஆனாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

படி 2: பின்பக்கம் படம் எடுத்துவிட்டு வயர்களைக் கழற்றுங்கள்

படம் எடுத்தாயிற்றா? இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேலே அல்லது கீழே ஓர் ஓரத்தில் பவர் கேபிள் நுழையும் இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. பழைய போர்டுகளில் வட்டமாக இரண்டு ஓட்டை இருக்கும். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு. தட்டையான செவ்வகங்கள் யுஎஸ்பி. உள்ளே நாக்கு கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் 2.0, நீலமாக இருந்தால் 3.0. முதலாவதில் 4 தொடுபுள்ளிகள், இரண்டாவதில் 9. வேக வித்தியாசத்துக்கு அந்தக் கூடுதல் ஐந்துதான் காரணம். பென்டிரைவுக்கு நீலம், கீபோர்டுக்கும் மவுசுக்கும் கறுப்பு போதும்.

மூன்று வரிசையில் 15 ஓட்டைகள், இரண்டு பக்கமும் திருகு இருந்தால் அது விஜிஏ. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்தது, இன்றும் பழைய மானிட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. திருகைக் கழற்றாமல் இழுத்தால் பின் வளையும், பார்த்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐயில் 19 பின், திருகு கிடையாது. இன்டர்நெட் கேபிளின் முனையில் 8 தொடுபுள்ளிகளும் ஒரு பிளாஸ்டிக் கொக்கியும் இருக்கும். கொக்கியை அழுத்தித்தான் எடுக்க வேண்டும். வட்ட ஆடியோ ஓட்டைகளில் பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. திரைக்குப் படம் அனுப்பத் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கீழே படுக்கைவாட்டில் இன்னொரு எச்டிஎம்ஐ இருக்கும். மானிட்டரை அதில்தான் செருக வேண்டும். மேலே மதர்போர்டில் செருகிவிட்டு "டிஸ்ப்ளே வரல" என்று பலர் தவிக்கிறார்கள். கேபினெட்டைத் திறப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: பக்கத் தகட்டைக் கழற்றுங்கள்

பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம் வருகிற தகடு. இரண்டு ஸ்க்ரூ கழற்றி, பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். அக்கா வீட்டில் அந்த இரண்டு ஸ்க்ரூவும் துரு ஏறிச் சிவந்திருந்தன. யுஎஸ்பி ஓட்டைகளின் விளிம்பில் வெள்ளையாக மாவு போலப் பூத்திருந்தது. அதைப் பார்த்தவுடனே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

கேபினெட்டைப் படுக்க வையுங்கள். தூசியை பிரஷால் மெதுவாகத் தள்ளுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் தெறிக்கும். ஃபேனைத் துடைக்கும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கார்டு செருகும் இடத்தில் மூடித் தகடு விழுந்து திறந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சந்து வழியாகத்தான் பல்லியும் எறும்பும் உள்ளே போகும். நான் பல்லி முட்டையை ஹீட் சிங்க் (பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் உலோக அடுக்கு) ஓரத்தில் கண்டிருக்கிறேன். மூடித் தகடு இல்லையென்றால், கழற்றிப் போட்ட பழைய கேபினெட் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள்.

படி 4: உள்ளே யார் யார்?

பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகை மதர்போர்டு. மற்ற எல்லாம் இதில்தான் வந்து சேரும். ஃபேனும் உலோக அடுக்குகளும் சேர்ந்த பகுதி ஹீட் சிங்க், அதன் அடியில் பிராசஸர். முதல் தடவை இதைக் கழற்றாதீர்கள். இடையில் இருக்கும் வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டிவரும். சில ஏஎம்டி மாடல்களில் காய்ந்த பசை ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சேர்ந்தே பிய்ந்து வந்துவிடும்.

நாணயம் போல மின்னுவது சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருஷத்துக்கே போகிறதா? இதை மட்டும் மாற்றினால் போதும்.

கனமான உலோகச் செங்கல் மாதிரி இருப்பது ஹார்டு டிஸ்க், 3.5 அங்குலம். நம் ஃபைல்கள் எல்லாம் இருப்பது இதில்தான். அதே வேலையைச் செய்வது தட்டையான சின்னப் பெட்டி மாதிரி இலேசாக இருந்தால் 2.5 அங்குல எஸ்எஸ்டி. சில போர்டுகளில் சூயிங்கம் பட்டை அளவில் ஒரு சின்னப் பலகை படுத்திருக்கும். அது எம்.2 எஸ்எஸ்டி. மேலே 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால், ஹார்டு டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மூலையில் வயர்க் கொத்து புறப்படும் இரும்புப் பெட்டி எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றுவது இதுதான். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். கெட்டுப்போனால் அப்படியே மாற்ற வேண்டியதுதான்.

படி 5: பவர் கேபிள்கள் இரண்டையும் அழுத்திப் பாருங்கள்

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு இரண்டு கேபிள் வரும். ஒன்று நீளமான 24 பின். இன்னொன்று பிராசஸருக்குப் பக்கத்தில் மேல் மூலையில் 4 அல்லது 8 பின். பலருக்கு இரண்டாவது இருப்பதே தெரியாது. அது விட்டிருந்தால் ஃபேன் சுற்றும், திரை வராது. கொக்கியை அழுத்திக் கழற்றி, மறுபடி 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் முனையைப் பிடித்து இழுங்கள்.

ஹார்டு டிஸ்குக்கும் எஸ்எஸ்டிக்கும் இரண்டு முனை. டேட்டாவுக்குக் குட்டை, 7 தொடுபுள்ளி. பவருக்கு நீளம், 15 தொடுபுள்ளி. இரண்டும் உள்ளே 'எல்' வடிவில் வளைந்திருக்கும் என்பதால் தலைகீழாகப் போகாது. போகவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் திருப்பிப் பாருங்கள்.

படி 6: ரேம், இங்கேதான் நம் கடல் காற்றின் வேலை

பிராசஸருக்குப் பக்கத்தில் நீளமான ஸ்லாட்டில் (செருகும் இடத்தில்) நிமிர்ந்து நிற்கும் மெல்லிய பட்டைதான் ரேம், கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம். அந்த ஸ்லாட்டின் ஓரக் கொக்கிகளை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கக் கொக்கி மட்டும்தான் அசையும். ரேம் தானாக மேலே எழும். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீழ் விளிம்பில் தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். டிடிஆர் என்பது ரேமின் வகை, பக்கத்து எண் அதன் தலைமுறை. டிடிஆர்3-இல் 240, டிடிஆர்4-இல் 288. அக்கா மகளின் ரேமில் அந்தப் பற்கள் மின்னவில்லை. பழைய பித்தளைக் குத்துவிளக்கைப் போல மங்கி, நடுவில் விரல் ரேகை மாதிரி ஒரு திட்டு இருந்தது.

ரேமை மேஜை மேல் ஒரு தாளில் படுக்க வைத்து, பென்சில் ரப்பரால் மேலிருந்து கீழாக, பற்களின் நீளவாக்கில் இலேசாகத் தேயுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை. மஞ்சள் திரும்புவது கண்ணுக்கே தெரியும். ரப்பர் துகள் ஒன்றுகூட ஒட்டியிருக்காதபடி உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஸ்லாட்டின் உள்ளேயும் பிரஷால் ஒரு முறை.

திரும்பச் செருகும்போது கீழ் விளிம்பில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் ஒத்துவர வேண்டும். அது டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றொன்றில் போகாது. இரண்டு முனையிலும் கட்டைவிரலால் ஒருசேர அழுத்துங்கள். கொக்கி தானாக மூடிக்கொள்ளும்போது சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும் வரை உட்காரவில்லை என்று அர்த்தம். நானே அழுத்திவிடாமல் அவளை விட்டேன். முதலில் பயந்தாள். "இன்னும் மக்கா, இன்னும்" என்றதும் அழுத்தினாள், 'டக்'.

படி 7: முன் பட்டனின் மெல்லிய வயர்கள்

கழன்றிருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். போர்டின் கீழ் மூலையில் சின்னப் பின்கள் இருக்கும். பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச் வயர்களை எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்யும். விளக்கு வயர்களுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றிச் செருகினால் எதுவும் எரிந்துபோகாது, விளக்கு மட்டும் எரியாது. திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

படி 8: தகட்டை மூடும் முன் சோதியுங்கள்

மானிட்டர், கீபோர்டு, பவர் மூன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். உள்ளே கை வேண்டாம். இரண்டு ரேம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றதை. ஒன்றில் வந்து இன்னொன்றில் வரவில்லையென்றால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டு ரேமையும் நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் போடுவதானால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம்.

குளச்சலில் பட்டனை அமுக்கியது அவள்தான். ஒரு சின்ன 'பீப்', அப்புறம் திரையில் எழுத்து ஓடியது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த போர்டு போகலியா?" என்றாள்.

மழைக்காலத்துக்கு

இனி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு பலகையாவது உயர்த்துங்கள். ஆனி ஆடிச் சாரல் நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் பூட்டிப்போட்ட வீட்டில்தான் நான் அதிகத் துருவைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி இடி மழைக்கு சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கை உருவுங்கள், கூடவே இன்டர்நெட் கேபிளையும். பவரை எடுத்துவிட்டு அந்த ஒரு கேபிளை மறந்ததால், அதன் வழியாக மின்னல் வந்து நெட்வொர்க் போர்ட் கருகிய போர்டை நான் மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் கழற்றியிருக்கிறேன். அதை ரப்பரால் காப்பாற்ற முடியவில்லை.