மாவிளக்கு போடும் முறை: மாவு பிடிப்பது முதல் மனம் விட்டு வேண்டுவது வரை

சமயபுரம் மாரியம்மன் ஆண்டுதோறும் பக்தர்களுக்காகத் தானே விரதம் இருக்கிறாள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு தொடங்கிப் பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாள் பச்சைப் பட்டினி. அந்த நாள்களில் சமைத்த தளிகை கிடையாது. பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு இவைதான் படையல். ஊரைக் காப்பவள் வயிறு வாடி இருக்கிறாள், அந்த வாட்டத்தில்தான் அவள் சக்தி பெருகுகிறது என்பது நம்பிக்கை. மாவிளக்கு போடுகிற பெண்ணும் அதே மாவைப் பிடித்து விளக்காக்கி, தன் நோவையும் குறையையும் மறைக்காமல் அவள் முன் வைக்கிறாள். ஆகவே மாவு பதமாக இருந்தால் மட்டும் போதாது, வேண்டுதலுக்கும் ஒரு பதம் உண்டு.

ஆடி, தை வெள்ளிக்கிழமைகள் இதற்கு உகந்தவை. கட்டுகழுத்தி, கைம்பெண், கன்னி என்று பிரித்துப் பார்க்க இதில் காரணமே இல்லை. தாயிடம் போக யாருக்கும் தடை கிடையாது.

இரண்டு விளக்குக்கு ஒரு கப் பச்சரிசி, அரை முதல் முக்கால் கப் வரை பொடித்த பாகு வெல்லம், இரண்டு ஏலக்காய், நாலைந்து ஸ்பூன் நெய் வேண்டும். அரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கால் மணி நேரம் போதும். கையில் அள்ளினால் உள்ளங்கையில் அரிசி ஒட்ட வேண்டும், ஈரம் சொட்டக் கூடாது. இதுதான் பதம். அதிகம் காய்ந்தால் விளக்கு விரிசல் விடும். ஈரம் மிஞ்சினால் மிக்ஸியில் மாவாகாமல் விழுதாகிவிடும். உரல் இருந்தால் இடியுங்கள். மிக்ஸி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டிச் சலிக்கவும். கப்பியை மறுபடி அரைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் உலர்ந்த அரிசி மாவு இதற்குச் சரிவராது.

வெல்லமும் ஏலப்பொடியும் சேர்த்துப் பிசைந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். மாவு உதிர்கிறதே என்று உடனே தண்ணீர் தெளிப்பார்கள். அதன் பிறகு வெல்லம் இளகி நீர் விடும், விளக்கு சரிந்து உட்கார்ந்துவிடும். பத்து நிமிடம் கழித்தும் உருண்டை பிடிக்க வராவிட்டால் மட்டும் ஒரு ஸ்பூன் பாலோ நெய்யோ விடலாம். மாவு தளர்ந்துவிட்டால் எடுத்து வைத்த மாவில் ஒரு பிடி சேருங்கள். இதற்காகவே முதலில் ஒரு பிடியைத் தனியாக வைப்பது நல்லது.

அடி அகலமாக இருக்கும்படி இரண்டு உருண்டை பிடித்து, தாம்பாளத்தில் வாழையிலை போட்டு வைக்கவும். நடுவில் கட்டை விரலால் ஒரு கணு ஆழத்துக்குக் குழி செய்யுங்கள். குழியைச் சுற்றி ஒரு விரல் கனம் மாவு இருக்கட்டும். சுவர் மெலிந்தால் நெய் வழியும். பஞ்சைச் சற்றுப் பருமனாகத் திரித்து, நெய்யில் முழுக்க நனைத்துப் பிறகு நிறுத்துங்கள். உலர்ந்த திரி கருகிப் புகைவதோடு சரி, நின்று எரியாது. மாவு நெய்யைக் குடிக்கும், அது இயல்புதான். குழி வற்ற வற்ற ஸ்பூனால் விட்டுக்கொண்டே இருங்கள். சந்தனம், குங்குமம், பூ வைத்து ஏற்றவும்.

இனி வேண்டுதல். சுடர் நிலைத்ததும் எதிரே உட்கார்ந்து, உங்கள் குறையை வாய்விட்டு, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள். "தாயே, எனக்கு முடியல" என்பதே முழு மந்திரம். பெண்கள் பெரும்பாலும் கணவன், பிள்ளை, பேரன் என்று எல்லாருக்கும் வேண்டிக்கொண்டு, தமக்கென்று வரும்போது எழுந்துவிடுகிறார்கள். அப்படி எழாதீர்கள். உங்கள் இடுப்பு வலி, உங்கள் பயம், யாரிடமும் சொல்லாத உங்கள் கோபம், இவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். விளக்கு வைத்த வீட்டில் அழக்கூடாது என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். மாவிளக்கு முன் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். கண்ணீர் வந்தால் வரட்டும், அடக்கினால் தொண்டை அடைத்துச் சொல்ல வந்ததும் பாதியில் நின்றுவிடும்.

உடலில் நோவு உள்ளவர்கள் படுத்து, நோகும் இடத்தின் மேல் மாவிளக்கு வைப்பது அம்மன் கோவில்களில் உள்ள வழக்கம். பெரும்பாலும் வயிற்றின் மேல் வைப்பார்கள். இதைத் தனியாகச் செய்யவே கூடாது. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பருத்திச் சேலை கட்டி, கூந்தலை முடிந்து, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். வயிற்றின் மேல் நனைத்துப் பிழிந்த தடித்த துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் இலை, இலை மேல் விளக்கு. திரி சிறியதாகவும் குழியில் நெய் பாதியளவாகவும் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மூச்சைப் பிடித்தால் உடல் இறுகி விளக்கு ஆடும். மெல்ல விட்டால் வயிற்றோடு சேர்ந்து சுடரும் ஏறி இறங்கும். ஐந்து நிமிடம் போதும். பிறர் கண்ணெதிரே அசையாமல், ஒருவர் காவலை நம்பிக் கிடப்பது எப்போதும் ஓடியாடுகிறவர்களுக்கு எளிதல்ல, ஆனால் இந்த நேர்த்தியின் பலமே அதில்தான் இருக்கிறது. கர்ப்பிணிகளும் மூச்சுத் திணறல் உள்ளவர்களும் உட்கார்ந்து தாம்பாளத்தைக் கையில் ஏந்தினாலே நிறைவு. மருந்தையும் மருத்துவரையும் விட்டுவிடச் சொல்லும் சடங்கு அல்ல இது.

விளக்கை ஊதி அணைக்காதீர்கள். வேண்டுதல் முடிந்ததும் நெய் விடுவதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் தானே மலையேறும். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிய பிறகு, கருகிய திரியை எடுத்துவிட்டு, மாவை உதிர்த்துத் தேங்காய்த் துருவலோடு பிசைந்து எல்லாருக்கும் கொடுங்கள். ஈரப் பச்சை மாவு என்பதால் மறுநாள் புளித்துவிடும், அன்றைக்கே தீர்க்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு நெல்லிக்காயளவுக்கு மேல் வேண்டாம், வயிறு மந்தமாகும்.