ஐந்தரை மணிக்கு எழுப்ப ஆளில்லை: செல்லப்பிராணியை இழந்த வீட்டுக்கு ஒரு செய்முறை

எங்கள் பஞ்சு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நங்கநல்லூரில் ஒரு மழை நாளில் பால் பூத் ஓரமாக நனைந்துகொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி. 13 வருஷம் எங்களோடு இருந்தாள். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, சாப்பாடு நின்று, கத்திரி வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அவர் கிளம்பியதும் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மனிதர் இறந்தால் யாருக்குச் சொல்வது, எப்போது எடுப்பது, என்றைக்குக் காரியம் என்று தெருவே வந்து சொல்லிக்கொடுக்கும். நாய்க்கு அப்படி யாரும் வருவதில்லை.

அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன். நாய் என்றே எழுதினாலும் பூனை வளர்த்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இப்போதுதான் நடந்தது என்றால் முதல் இரண்டு படிகளை மட்டும் படித்தால் போதும். மற்றதெல்லாம் அடுத்த வாரம்.

படி 1: முதல் சில மணி நேரம்

அழுகையோடு அழுகையாகச் சில வேலைகளை முடித்தாக வேண்டும். சென்னை வெயில் காத்திருக்காது.

கண் திறந்தே இருக்கும், மூட முயன்றாலும் சரியாக மூடாது. சிறுநீரும் மலமும் வெளியேறலாம், தசை ஒன்றிரண்டு முறை துடிக்கலாம். உயிர் இருக்கிறதோ என்று பதற வேண்டாம். சந்தேகமாக இருந்தால் டாக்டரை இதயத்துடிப்பு பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் தூங்கும்போது படுத்திருக்கிற மாதிரி கால்களை மடக்கி, பழைய பெட்ஷீட்டில் படுக்கவையுங்கள். கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஏசி இருந்தால் அந்த அறையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஐஸை துண்டில் சுற்றி வயிற்றுப் பக்கம் வையுங்கள், முதலில் கெடுவது வயிறுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தடுப்பூசி போடாத விலங்கு, எச்சில் வடித்து, நடை தள்ளாடி, காரணமில்லாமல் கடித்து இறந்திருந்தால் வெறும் கையால் தொடக்கூடாது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடித்தோ நக்கியோ இருந்தால் நீங்களும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் விஷயத்தில் துக்கம் இரண்டாவது வேலை.

யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று தோன்றினால் அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். உடலைக் குளிர்ச்சியாக வைத்து (உறைய விடக்கூடாது), வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

படி 2: எரிப்பதா, புதைப்பதா

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எரிப்பதுதான் வழி. கிண்டி, வேளச்சேரி பக்கம் இருக்கும் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பின் வளாகத்தில் விலங்குகளுக்கான தகன வசதி உண்டு. கிளம்புவதற்கு முன் போன் செய்து நேரம், கட்டணம், சாம்பல் கிடைக்குமா என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி பிடிக்கும்போது என்ன எடுத்துப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. வந்த ஆட்டோக்காரர் துணி மூட்டையைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அடுத்தவரிடம் போனிலேயே சொன்னேன். அவர் வந்து, தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தார்.

சொந்த மனை இருந்து புதைப்பதானால் மூன்றடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். கிணறு, போர்வெல் பக்கமே போகாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஊசி போட்டு விடைகொடுத்த விலங்கு என்றால் இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள், அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தோண்டித் தின்கிற தெருநாய்க்கும் காக்கைக்கும் அது ஆபத்து. இருட்டினதும் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சாம்பல் பற்றி என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சு அலையைக் கண்டாலே ஓடுவாள் என்பதால் கடலில் கரைக்க மனம் வரவில்லை. மாடியில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் முழுவதையும் கொட்டினேன். ஒரே மாதத்தில் செடி கருகிவிட்டது. சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் மிக அதிகமாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது முறை அழுதார். ஒரு கைப்பிடி சாம்பலை நிறைய மண்ணோடும் எருவோடும் கலந்து போட்டிருக்க வேண்டும்.

படி 3: நாளைக் கடிகாரமாகப் பிரியுங்கள்

எனக்குத் தெரிந்தவரை இந்தத் துக்கம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. குறிப்பிட்ட சில நேரங்களில் வந்து உட்காரும். அப்பா இறந்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை. அப்பா ஊரில் இருந்தார், நான் இங்கே. பஞ்சுவோடு காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்து வரை ஒரு நாளின் மூட்டெல்லாம் பின்னிக் கிடந்தது.

ஒரு தாளில் உங்களுக்கு வலிக்கிற நேரங்களை எழுதுங்கள். என் தாளில் இருந்தவை: ஐந்தரை மணிக்குக் கட்டில் ஓரத்தில் மூக்கு வந்து இடிக்கும் நேரம். தயிர்சாதத்தின் கடைசி உருண்டையை ஒதுக்கிவைக்கும் நேரம். மாலையில் சாவி சத்தம் கேட்டும் கதவுக்குப் பின்னால் நகம் தரையில் உரசாத நேரம். அப்புறம், இடி இடித்தால் எந்த நேரமும்.

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுங்கள்: இதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, கொஞ்ச நாள் ஒத்திப்போடுவதா? நான் காலை நடையை வைத்துக்கொண்டேன், தெருவை மட்டும் மாற்றினேன். இரண்டு வாரம் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் நடந்தேன், அங்கே யாருக்கும் பஞ்சுவைத் தெரியாது. சாப்பாட்டில் அந்த உருண்டையை ஒதுக்கும் கை நிற்கவே இல்லை. சரி என்று அதை மாடிச் சுவரில் காக்கைக்கு வைக்கத் தொடங்கினோம், இன்றும் வைக்கிறோம். கதவுச் சத்தத்துக்குத்தான் நல்ல வழி கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் போன் பேசிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999ல் சொன்ன ஒரு கருத்து எனக்கு உதவியது. துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி போய்ப்போய் வருகிறார், அதுதான் இயல்பு என்பது அவர்கள் வாதம். காலையில் அழுதுவிட்டு மத்தியானம் ஆபீஸில் ஜோக்குக்குச் சிரித்தால் பாசம் குறைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. எல்லோரும் மேற்கோள் காட்டும் துக்கத்தின் ஐந்து நிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) தேடிக்கொண்டு உட்காராதீர்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969ல் அதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை வைத்து. கோபம் வரவில்லையே, ஒரு நிலை விட்டுப்போய்விட்டதோ என்று நானே ஒரு வாரம் கவலைப்பட்டிருக்கிறேன்.

பழைய தெருவுக்குத் திரும்பும் நாளுக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட என்னைப் "பஞ்சு அப்பா" என்றுதான் தெரியும். "பஞ்சு போன மாசம் இறந்துடுச்சு, வயசாயிடுச்சு" என்று வீட்டிலேயே நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். டீக்கடை அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் வழக்கம்போல பாட்டிலைத் திறந்து பொறை ஒன்றை எடுத்து நீட்டினார், என் காலுக்குக் கீழே பார்த்தார், அப்புறம் அவரே புரிந்துகொண்டார்.

படி 4: "நான்தான் கொன்றுவிட்டேனோ"

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. ஊசிக்குச் சம்மதித்தவருக்கு அவசரப்பட்டோமோ என்று வரும். சம்மதிக்காதவருக்கு வதைத்துவிட்டோமோ என்று வரும்.

மனதுக்குள் வாதாடினால் ஜெயிக்க முடியாது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: அன்றைக்கு என்ன தெரிந்தது, டாக்டர் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன். அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும், இன்று தெரிவதைக் கலக்கக்கூடாது. பிறகு அந்த நோட்டோடு டாக்டரிடம் பத்து நிமிஷம் கேளுங்கள். இதற்குப் போய் அவரைத் தொந்தரவு செய்வதா என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கு இது பழக்கம்.

நான் கேட்டேன். ஒரு மாதம் முன்னாடியே ரத்தப் பரிசோதனை செய்திருந்தால்? அவர் சொன்னது: நாயின் சிறுநீரகம் முக்கால் பங்கு வேலையை இழந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறிக் காட்டும். அதுவரை அது ஓடும், தின்னும், வாலாட்டும். ஊசி போட்டபின் பஞ்சு ஒருமுறை பெரிதாக மூச்சு இழுத்ததையும் கேட்டேன். அந்த ஊசி மயக்க மருந்தின் அதிக அளவு, முதலில் நினைவு போகிறது, அதற்குப் பிறகு வருவது வெறும் அனிச்சை என்றார். அன்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

படி 5: ஊர் வாய்

"ஒரு நாய்க்கா இவ்வளவு?" "வேற ஒண்ணு வாங்கிக்கோங்க, சரியாப் போயிடும்." இரண்டையும் சொல்லாத உறவினர் வரம். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அவர்களுக்கு வேறு வாக்கியம் கிடைப்பதில்லை. "சரிங்க" என்று நகர்ந்துவிடுங்கள். ஆபீஸில் உண்மையைச் சொல்ல முடிந்தால் சொல்லி ஒரு நாள் லீவு கேளுங்கள். முடியாவிட்டால் உடம்பு சரியில்லை என்பதும் பொய் இல்லை.

நாய்க்குத் துக்கம் கொண்டாடுவது புதுசாக வந்த பழக்கம் என்று ஒரு பெரியப்பா சொன்னார். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காத்து இறந்த வீரனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைக்கோழிக்கே கல் நட்டிருக்கிறார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். "அது சண்டைக்கோழிடா" என்றார். விட்டுவிட்டேன்.

படி 6: குழந்தைகள், வீட்டிலுள்ள மற்ற விலங்குகள்

சின்னக் குழந்தையிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். முதலாவதைக் கேட்ட குழந்தை தூங்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்ட குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். செத்துப்போச்சு, இனி வராது, அதுக்கு வலிக்காது. இவ்வளவுதான். பத்து முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

இன்னொரு நாயோ பூனையோ இருந்தால், தொற்றுநோய் சாவாக இல்லாதபோது, உடலை ஒருமுறை மோந்து பார்க்க விடலாம். சில நாள் தேடும், குறைவாகத் தின்னும். அதன் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பூனை இரண்டு நாள் எதையும் தொடவில்லை என்றால் துக்கம்தானே என்று விடக்கூடாது. பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

படி 7: பொருட்களும் செய்திகளும்

கழுத்துப்பட்டை, தட்டு, போர்வை எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். முதல் மாதத்தில் எதையும் தூக்கி எறிய வேண்டாம், போர்வையைத் துவைக்கவும் வேண்டாம். பிரிக்காத தீவன மூட்டையை உங்கள் தெருவில் நாய்களுக்குச் சோறு வைப்பவரிடம் கொடுத்துவிடலாம். மிச்ச மருந்தை அப்படிக் கொடுக்காதீர்கள், கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள்.

இதை யாரும் சொல்லமாட்டார்கள்: கிளினிக்கைக் கூப்பிட்டுப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். நான் மறந்துவிட்டேன். மூன்றாம் மாதம், மீட்டிங் நடுவில், "பஞ்சுவுக்குத் தடுப்பூசி போடும் நேரம்" என்று செய்தி வந்தது. ஆன்லைனில் மாதாமாதம் தீவனம் வரும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். போன் தானாகவே பழைய படங்களை எடுத்துக் காட்டும் வசதியையும் கொஞ்ச நாள் அணைத்துவையுங்கள்.

படி 8: எப்போது வெளியே உதவி கேட்பது

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, அல்லது நாமும் போய்விடலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் போதும், காத்திருக்க வேண்டாம். 14416 அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தனியாக வாழ்கிறவர்கள், அந்த நாயோ பூனையோ மட்டுமே வீட்டில் துணையாக இருந்தவர்கள், இதைச் சுவரில் எழுதி வையுங்கள். நாய்க்காகவா போன் செய்வது என்ற கூச்சம் வேண்டாம்.

படி 9: அடுத்தது

எத்தனை மாதம் கழித்து என்று கணக்கு இல்லை. செத்த நாயின் பெயரைப் புதுக்குட்டிக்கு வைக்க ஆசை வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். வீட்டில் எல்லோரையும் தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டமாகக் கேட்டால் குழந்தைகள்தான் ஜெயிப்பார்கள்.

குட்டி பார்வோ வைரஸில் இறந்திருந்தால் மனம் தயாராக இருந்தாலும் வீடு தயாராக இருக்காது. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்பும் ஃபினாயிலும் நம்பத்தக்கவை அல்ல, பிளீச்சிங் கரைசல் வேண்டும். பழைய தட்டும் படுக்கையும் இந்த ஒரு விஷயத்தில் பரண்மேல் போகக்கூடாது, அப்புறப்படுத்திவிடுங்கள். தடுப்பூசித் தவணை முழுவதும் முடிந்த நாய்தான் அந்த வீட்டுக்கு வரலாம்.

எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை. அம்மாவிடம் போன தீபாவளிக்குக் கேட்டேன், "வேண்டாம்பா, எனக்கு அப்புறம் யாரு பாத்துப்பா" என்றார். இந்தப் பொங்கலுக்கு நான் கேட்கவில்லை. அவரே, பால் பூத் பக்கம் ஒரு குட்டி சுற்றுவதாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்விட்டார்.