வேர்க்‌ஷொப் முடிஞ்ச பிறகு தொழிலைப் படிக்கிறது எப்பிடி: திருகோணமலையில உளவளத்துணை செய்யிறவைக்கு

டிஎஸ் ஒபிஸ்ல, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில, என்ஜிஓவில, இல்லாட்டி தனியா ஒரு ரூம் எடுத்து உளவளத்துணை செய்யிற எங்கட ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன், உளவியல்ல டிகிரி முடிச்சவையா இருந்தாலும் சரி டிப்ளோமாவோட வந்தவையா இருந்தாலும் சரி. வேலைக்கு வந்த பிறகு எங்களுக்குக் கிடைக்கிற படிப்பு பெரும்பாலும் ரெண்டு நாள் வேர்க்‌ஷொப்தான். வெளியில இருந்து ஒராள் வந்து படிப்பிப்பார், நல்ல விசயமும் சொல்லுவார், ஆனா அடுத்த திங்கட்கிழமை எங்கட கதிரையில இருந்து கதைக்கேக்க பழைய மாதிரித்தான் கதைக்கிறம். இது உங்கட சோம்பேறித்தனம் இல்லை. அமெரிக்காவில 140 பேரை வச்சுச் செய்து 2004ல வந்த ஒரு ஆய்வு, மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங், அதாவது மாற வேணும் எண்ட விருப்பத்தை ஆளின்ர வாயாலயே வரவைக்கிற முறையை, படிப்பிச்சுப்போட்டுப் பாத்தது. வேர்க்‌ஷொப்புக்குப் பிறகும் தங்கட செஷன் டேப்புக்கு ஃபீட்பேக் கிடைச்சவையும், ஆராவது கூட இருந்து திருத்தினவையும்தான் கூடத் தேறினவை. அப்ப நாங்க தேட வேண்டியது எங்கட வேலையைப் பாத்துச் சொல்லுற ஆக்களை, அடுத்த சேர்டிபிகேட்டை இல்லை. அதை இந்த ஊரிலயே செய்யலாம், காசும் பெரிசாத் தேவையில்லை.

முதல்ல உங்கட பைல்களை எடுத்து வச்சுக்கொண்டு ஒருக்கா ஆறுதலா இருங்கோ. ரெண்டாம் செஷனோட வராமப் போனவை ஆர், ஆரோட கதைக்கேக்க உங்களுக்குப் பயம் வந்தது, எந்த இடத்தில என்ன சொல்லுறது எண்டு தெரியாம பேச்சை மாத்தினீங்க, இதுகளை எழுதுங்கோ. அதுதான் உங்கட இந்த வருசத்துப் பாடத்திட்டம். "எனக்கு எது பலவீனம் எண்டு எனக்கே தெரியும்" எண்டு நினைக்கிறதை மட்டும் நம்ப வேண்டாம், ஏன் எண்டா 2012ல வந்த ஒரு ஆய்வில 129 சிகிச்சையாளர்களிட்ட உங்கட திறமையை நீங்களே மதிப்பிடுங்கோ எண்டு கேக்க, ஒருத்தர் கூடத் தன்னைச் சராசரிக்குக் கீழ போடேல்ல.

பிறகு ஒரு சின்னக் கூட்டம் சேருங்கோ. நாலு அஞ்சு பேர் காணும், மாசத்தில ஒருக்கா. ஒரே ஒபிஸ் ஆக்களாச் சேராம உவர்மலையில இருந்து ஒருத்தர், கிண்ணியாவில இருந்து ஒருத்தர், மூதூரில இருந்து ஒருத்தர் எண்டு கலந்து எடுத்தா நல்லம், தமிழ் ஆக்களும் முஸ்லிம் ஆக்களும் சிங்களம் தெரிஞ்ச ஒராளும் இருந்தா இன்னும் நல்லம், எங்களிட்ட வாற சனமும் அப்பிடிக் கலந்துதானே. மேலதிகாரியைக் கூப்பிடாதைங்கோ, தனக்குப் பதவி உயர்வு குடுக்கிறவருக்கு முன்னால ஆரும் தன்ர தடுமாற்றத்தைச் சொல்ல மாட்டினம். அனுபவம் கூடின ஒருத்தர் மாசத்தில ஒருக்கா சூம்ல வந்து சுப்பர்விஷன், அதாவது உங்கட கேஸுகளைக் கேட்டு வழிகாட்டல், தரச் சம்மதிச்சா விடாதைங்கோ. பிரித்தானியாவில பிஏசிபி எண்ட உளவளத்துணையாளர் சங்கத்தில உறுப்பினரா இருந்து தொழில் செய்யிறவை மாசத்துக்கு ஆகக்குறைஞ்சது ஒன்றரை மணித்தியாலம் சுப்பர்விஷன் எடுக்க வேணும், அதை ஒரு அளவா வச்சுக்கொள்ளுங்கோ.

கேஸ் கதைக்கிற இடம் கதவு பூட்டுற ரூமா இருக்க வேணும். தேத்தண்ணிக் கடை, ஒபிஸ் வராந்தா, பஸ் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், வட்ஸ்அப் குறூப்பில கூட்டத்தின்ர நேரத்தைத் தவிர வேற ஒண்டும் எழுத வேண்டாம். பேரை மாத்தினாப் போதும் எண்டு கனபேர் நினைக்கினம், ஆனா எங்கட ஊரில அது காணாது. "மூதூரில கணிதம் படிப்பிக்கிற டீச்சர், மனிசன் துறைமுகத்தில வேலை, ஒரு பிள்ளைக்கு வலிப்பு" எண்டு சொன்னா பேர் சொல்லாமலே கூட்டத்தில இருக்கிற பாதிப் பேருக்கு ஆள் ஆர் எண்டு தெரிஞ்சிடும். ஊர், தொழில், பிள்ளைகளின்ர எண்ணிக்கை எல்லாத்தையும் மாத்துங்கோ, கதைக்கிற பிரச்சினைக்குத் தேவையான விசயத்தை மட்டும் வையுங்கோ. கூட்டத்தில ஒருத்தருக்கு அந்த ஆளைத் தெரியும் எண்டு பட்டா அவர் உடன சொல்லிப்போட்டு எழும்பி வெளியில போறது எண்டு முதல் நாளே பேசி வைக்க வேணும். கிளையன்டிட்டயும் முதல் செஷன்லயே, "நான் என்ர வேலையைத் திருத்திக்கொள்ள வேற உளவளத்துணையாளர்களோட ஆளைக் காட்டாமக் கதைக்கிறனான், உங்களுக்குச் சம்மதமோ" எண்டு கேளுங்கோ.

இனி, எனக்கு இந்த ஊரில ஆகப் பெரிய ஒழுக்கவியல் பாடமாத் தெரியிற விசயத்துக்கு வாறன். இங்க ஆரும் ஆருக்கும் அந்நியர் இல்லை. உங்களிட்ட அழுதுபோட்டுப் போன பிள்ளை உங்கட மகளோட ஒரே டியூஷன்ல இருக்கும், பத்ரகாளி அம்மன் கோவில்ல அர்ச்சனைத் தட்டோட உங்களுக்குப் பக்கத்தில நிக்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின்ர ஒழுக்கக் கோவை கூட ரெட்டை உறவு (கிளையன்டா வாறவர் வேற வழியிலயும் உங்களோட தொடர்புள்ளவரா இருக்கிறது) எல்லாமே குற்றம் எண்டு சொல்லேல்ல, உங்கட நடுநிலையோ திறமையோ குறையும் எண்டோ, கிளையன்டுக்குத் தீங்கோ சுரண்டலோ வரும் எண்டோ எதிர்பாக்கக்கூடிய உறவைத்தான் தவிர் எண்டுது. கிளையன்டோட பாலியல் உறவு மட்டும் பேச்சுக்கே இடமில்லாத தடை, சிகிச்சை முடிஞ்சு ஆகக்குறைஞ்சது 2 வருசம் போகாம அந்தக் கதையே இல்லை, அதுக்குப் பிறகும் மிக மிக விதிவிலக்கான நிலைமையிலதான்.

அதால கூட்டத்தில இப்பிடியான கேள்விகளை ஒண்டொண்டா எடுத்து அலசுங்கோ. சொந்தக்காரர் உளவளத்துணைக்கு வந்தா என்ன செய்யிறது? எடுக்காதைங்கோ, வேற ஒருத்தரிட்ட அனுப்புங்கோ, அதுக்குத்தான் கூட்டம் இருக்கு. ஒரு அம்மா கடைசி நாள் தயிர் முட்டியோட வந்தா? என்ர எண்ணம், ஒரு முட்டி தயிரை வாங்கி பைல்ல எழுதிப்போட்டு விடலாம், அதை மறுக்கிறது எங்கட சனத்துக்கு முகத்தில அடிச்ச மாதிரி. நகையோ காசோ எண்டா இல்லை, அதை விட ஒவ்வொரு கிழமையும் ஏதாவது கொண்டு வந்தா அதைப் பற்றி அவையோட கட்டாயம் கதைக்க வேணும். கோவில்ல, சந்தையில, கலியாண வீட்டில கண்டா? அதுக்கு முதல் செஷன்லயே சொல்லி வையுங்கோ, "வெளியில கண்டா நானா வந்து கதைக்க மாட்டன், அது கோவத்தில இல்லை, உங்கட விசயம் வெளியில தெரியக்கூடாது எண்டுதான், நீங்க வந்து கதைச்சா நான் சாதாரணமாக் கதைப்பன்" எண்டு. இதை வாயால சொல்லிப் பழகாட்டி அந்த நேரத்தில வராது, அதால ரோல் பிளே செய்யுங்கோ: ஒருத்தர் கிளையன்ட், ஒருத்தர் நீங்க, ஒருத்தர் பாத்துக்கொண்டிருந்து பத்து நிமிசத்தில ஒரே ஒரு திருத்தம் சொல்லுறது, உடன அதே இடத்தைத் திருப்பிச் செய்யிறது. திருப்பிச் செய்யிறதை விடாதைங்கோ, கை பழகிறது அங்கதான்.

சம்மதம் எடுக்கிறதையும் இதே மாதிரிப் பழகுங்கோ. இரகசியம் காப்பன் எண்டு சும்மா சொல்லிப்போட்டு விடுறம், எல்லையைச் சொல்லுறதில்லை. "நீங்க சொல்லுறது இந்த ரூமுக்குள்ளதான் இருக்கும். ஆனா உங்கட உயிருக்கு ஆபத்து எண்டாலோ, இன்னொருத்தருக்கு ஆபத்து எண்டாலோ, ஒரு சின்னப்பிள்ளைக்குத் தீங்கு நடக்குது எண்டாலோ, கோர்ட் கேட்டாலோ நான் பேசாம இருக்கேலாது, அப்பவும் முதல்ல உங்களிட்டச் சொல்லப் பாப்பன்." இவ்வளவுதான், ஒரு நிமிசம் போதும். மாமியார் போன் எடுத்து "பிள்ளை என்ன சொன்னவ" எண்டு கேக்கிற காட்சியையும் நடிச்சுப் பாருங்கோ, அது கட்டாயம் வரும்.

ஒரு மாசத்தை முழுக்கத் தற்கொலை அபாயத்துக்கு ஒதுக்குங்கோ. "சாக மாட்டன்" எண்டு கையெழுத்து வாங்கிறது ஆரையும் காப்பாத்தும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை, அதை விட்டுப்போட்டு சேஃப்டி பிளான் எழுதப் பழகுங்கோ. அதில ஆறு படி: மனம் அந்தப் பக்கம் போகுது எண்டதுக்கான அறிகுறிகள், தானாச் செய்யக்கூடியது, மனத்தைத் திருப்புற ஆக்களும் இடங்களும், உதவி கேக்கக்கூடிய சொந்தபந்தம், தொழில்முறை உதவி, வீட்டைப் பாதுகாப்பாக்கிறது. கடைசிப் படியை அவசரத்தில விடாதைங்கோ. தம்பலகாமம் பக்கம் வயல் வீடுகளில பூச்சிமருந்துப் போத்தல் எங்க இருக்கு, அதை ஆர் எடுத்துக்கொண்டு போய் வேற இடத்தில பூட்டி வைப்பினம் எண்டு ஆளின்ர பேரோட எழுதுங்கோ. இலங்கையில தற்கொலை 1990களின்ர நடுவில உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைஞ்சதுக்கு ஆபத்தான பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது பெரிய காரணம், அதால இந்தப் படி வேலை செய்யும் எண்டு நம்பிச் செய்யலாம். தற்கொலை முயற்சி 1998ல இருந்து இலங்கைச் சட்டத்தில குற்றம் இல்லை எண்டதையும் குடும்பத்துக்குச் சொல்லுங்கோ, பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் பிந்தக்கூடாது. 1926 மனநல உதவி இலக்கத்தையும் பிளான்லயே எழுதிக் குடுங்கோ.

கிளையன்டின்ர மொழி உங்களுக்குத் தெரியாட்டி, மொழிபெயர்ப்புக்கு அவையின்ர பிள்ளையையோ புருசனையோ இருத்தாதைங்கோ, வெளியாளை எடுத்து முதல் பத்து நிமிசம் இரகசியம் பற்றிச் சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ, கதைக்கேக்க கிளையன்டைப் பாத்துக் கதையுங்கோ. போன்ல குறிப்பு வச்சிருக்கிறவை லொக் போடுங்கோ, 2022ம் ஆண்டின் 9ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனி வகையா வச்சிருக்கு, அதை ஒரு கூட்டத்தில சேர்ந்து வாசியுங்கோ.

வாற ஆள் உண்மையில தேறுறாரோ எண்டு பாக்கிறதும் ஒழுக்கம்தான். மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 எண்ட கேள்வித்தாள் காணும், ஒன்பது கேள்வி, மொத்தப் புள்ளி 0 இல இருந்து 27 வரை. சாவைப் பற்றின நினைப்பைக் கேக்கிற ஒன்பதாவது கேள்வியில 0 தவிர எது வந்தாலும் அண்டைக்கே கதைக்க வேணும். ஒரு ரெண்டு செஷனுக்கு ஒருக்கா போட்டு புள்ளிகளை வச்சுக் கோடு கீறுங்கோ, நாலஞ்சு செஷனுக்குப் பிறகும் கோடு இறங்கேல்ல எண்டா அந்தக் கேஸைக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்கோ. செஷன் முடிய "இண்டைக்கு உங்களுக்கு வேண்டியதைக் கதைச்சமோ, நான் எங்கயாவது அவசரப்பட்டனானோ" எண்டு கேளுங்கோ. எங்கட சனம் மரியாதைக்கு "நல்லா இருந்தது" எண்டுதான் சொல்லும், அதால "ஒண்டை மாத்திறதெண்டா எதை மாத்தலாம்" எண்டு திருப்பிக் கேக்க வேணும்.

வாசிக்கிறதுக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ர எம்எச்கப் கையேடு (மனநல நிபுணர் இல்லாத இடங்களுக்கான சிகிச்சை வழிகாட்டி), 2011ல வந்த உளவியல் முதலுதவி வழிகாட்டி, அஞ்சு செஷன்ல பிரச்சினையைச் சமாளிக்கப் பழக்கிற பிஎம் பிளஸ் கையேடு மூண்டும் இலவசமா இறக்கலாம். வெள்ளமோ புயலோ வந்த அடுத்த நாள் சனத்தை இருத்தி "நடந்ததை முழுக்கச் சொல்லுங்கோ" எண்டு ஒரே ஒரு தரம் டிப்ரீஃபிங் செய்யிறதை விடுங்கோ, அது உதவாது, சிலருக்குக் கூடாமப் போகலாம். சுனாமியையும் யுத்தத்தையும் கண்ட ஊரில இதை எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்க வேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை.

கடைசியா ஒரு கொப்பி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு திகதி, எந்த விசயம், அடுத்த செஷன்ல நான் மாத்திச் செய்யப் போறது என்ன, இந்த மூண்டையும் எழுதுங்கோ. மூண்டு மாசம் கழிச்சு மாத்தினதோ இல்லையோ எண்டு பக்கத்தில குறியுங்கோ. கலிபோர்னியாவில உளவியலாளர்கள் லைசன்ஸைப் புதுப்பிக்க 2 வருசத்துக்கு 36 மணித்தியாலம் காட்ட வேணும், மாசத்தில ஒண்டரை மணித்தியாலம் சந்திச்சா நீங்களும் அந்தக் கணக்குக்கு வந்திடுவியள். முதல் கூட்டத்துக்கு ஒரு கேஸும் ஒரு ரோல் பிளேயும் காணும், அடுத்த திகதியைக் குறிச்சுப்போட்டு எழும்புங்கோ.