உங்கள் வரிப்பணம் எந்தச் சேவைக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

"இவ்வளவு வரி கட்டுகிறோமே, ரோடு ஏன் இப்படிக் கிடக்கிறது?" இதைக் கேட்காத ஆளே இல்லை. கேள்வி நியாயம்தான். ஆனால் எந்த வரி, எந்த அரசுக்குக் கட்டியது, அந்த ரோடு யாருடையது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. காரணம், எல்லோரும் சம்பளத்தில் பிடித்த வருமான வரியில் ஆரம்பித்து அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடுகிறோம். அந்தப் பக்கத்திலிருந்து தேடினால் கிடைக்காது, பெரிய கஜானாவுக்குள் போய்விட்ட பணத்துக்கு அடையாளம் கிடையாது. தலைகீழாகத் தேட வேண்டும், அதாவது சேவையில் ஆரம்பித்துப் பணம் வந்த வழியே பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் ஏதாவது ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கேள்வி போதும்: அங்கே வேலை செய்பவருக்குச் சம்பளம் போடுவது யார், கட்டடம் யாருடையது, விதிகளை வகுப்பது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வரும் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது மாநில அரசு, கட்டடத்தைப் பராமரிப்பது பெரும்பாலும் உள்ளாட்சி. கூரை ஒழுகினால் ஓர் அலுவலகம், கணக்கு வாத்தியார் இல்லை என்றால் இன்னோர் அலுவலகம். இது தெரியாமல் மனு எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பள்ளிச் செலவில் பெரும்பங்கை மாநில அரசும் உள்ளாட்சியும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமக்கின்றன, மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்றை ஒட்டித்தான். உள்ளாட்சியின் பங்கு பெரும்பாலும் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு விலை அதிகமுள்ள பகுதியில் பள்ளிக்கும் பணம் சுலபமாகச் சேர்ந்துவிடுகிறது. ஸ்வீடனில் கதையே வேறு. அங்கே உள்ளாட்சிகளும் வட்டார அரசுகளும் தாங்களே வருமான வரி போடுகின்றன, இரண்டும் சேர்ந்து சராசரியாக 32 சதவீதம் வரும். பள்ளியும் முதியோர் பராமரிப்பும் உள்ளாட்சியின் வேலை, மருத்துவமனை வட்டார அரசின் வேலை. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் மட்டுமே அதற்கு மேல் உள்ள தொகைக்குத் தேசிய அரசுக்கு 20 சதவீதம் வருமான வரி கட்டுகிறார்கள். வரி அதிகம்தான், ஆனால் யாரிடம் கணக்குக் கேட்பது என்பதில் அங்கே குழப்பம் குறைவு.

சரி, எந்த வரி எந்த மட்டத்தில் இருக்கும் என்று எப்படி ஊகிப்பது? எது நகரும், எது நகராது என்று பாருங்கள். நிலமும் கட்டடமும் எங்கும் ஓடிப்போகாது, அதனால் சொத்து வரி பல நாடுகளில் உள்ளாட்சியிடம் இருக்கிறது. கம்பெனி லாபமும் பெரிய வருமானமும் எல்லை தாண்டிப் போய்விடக்கூடியவை, ஆகவே அவற்றை மேலே இருக்கும் அரசு வசூலிக்கிறது. இதனால் ஒரு பொருத்தமின்மை வருகிறது, விஷயத்தின் மையமே இதுதான்: நன்றாக வசூலாகும் வரிகள் மேலே, ஆள்பலம் அதிகம் தேவைப்படும் பள்ளி, மருத்துவமனை, குப்பை, குடிநீர் எல்லாம் கீழே. எனவே மேலிருந்து கீழே பணம் இறங்கியே ஆக வேண்டும். வசூலிப்பவர் ஒருவர், செலவழிப்பவர் இன்னொருவர். இந்த இறக்கம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

ஒரு வழி, சூத்திரம் வைத்துப் பங்கு பிரிப்பது. ஜெர்மனியில் வருமான வரியில் மத்திய அரசுக்கு 42.5, மாநிலங்களுக்கு 42.5, உள்ளாட்சிகளுக்கு 15 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 2000 ஜூலையில் வந்த 10 சதவீத ஜிஎஸ்டியை வசூலிப்பது மத்திய அரசு, ஆனால் அந்தப் பணம் மாநிலங்களுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் போகிறது. இந்தியாவில் மத்திய அரசும் மாநிலங்களும் வரியை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் நிதிக்குழு பங்கைப் பரிந்துரைக்கிறது, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்குச் சொன்னது 41 சதவீதம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அது மத்திய அரசின் மொத்த வசூலில் 41 இல்லை, பகிர வேண்டிய தொகுப்பில் 41. செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று போடும் கூடுதல் வரி), சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் வரி) இரண்டும் அந்தத் தொகுப்புக்குள் வராது. எந்த நாட்டிலும் சதவீதத்தைப் பார்த்ததும் 'எதில் சதவீதம்?' என்று கேட்டுவிடுங்கள், பாதி அரசியல் சண்டை அந்த ஒரு கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு வழி மானியம். இதில் நிபந்தனை இல்லாதது, நிபந்தனை உள்ளது என்று இரண்டு வகை. கனடா 1957 முதல், வருவாய் திரட்டும் வலு குறைந்த மாகாணங்களுக்குச் சமன்படுத்தும் தொகை தருகிறது, 1982இல் அந்தக் கொள்கையை அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அதை எதற்குச் செலவழிப்பது என்பது மாகாணத்தின் முடிவு. நிபந்தனை உள்ள மானியம் அப்படியில்லை, இந்தத் திட்டத்துக்கு மட்டும், இவ்வளவு நீ போட்டால் இவ்வளவு நான் போடுகிறேன் என்று வரும். மேலே இருக்கும் எந்தக் கட்சிக்கும் இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும், பெயர்ப்பலகை மாட்டலாம் அல்லவா. ஆனால் கட்டி முடித்த பிறகு வருடா வருடம் ஆகும் பராமரிப்புச் செலவு பல நேரம் கீழே இருப்பவர் தலையில் விழும். புத்தம் புதுக் கட்டடத்தில் ஆள் இல்லாமல் இருப்பதைப் பார்த்தால், முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் வரியின் பெயரை நம்பாதீர்கள். பிரிட்டனில் வாகன வரியை இன்றும் 'ரோடு வரி' என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அதை நேரே ரோட்டுக்கென்று ஒதுக்கும் ஏற்பாடு 1937லேயே முடிந்துவிட்டது. அங்கே சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்பீட்டுத் தொகையில்தான் அரசு மருத்துவச் சேவை ஓடுகிறது என்று நினைப்பவர்களும் நிறைய, உண்மையில் பெரும்பங்கு பொது வரிப்பணத்திலிருந்துதான் வருகிறது. நிஜமாகவே தனியாக ஒதுக்கிவைத்தாலும் சிக்கல் தீராது. அமெரிக்காவில் மத்திய அரசின் பெட்ரோல் வரி நெடுஞ்சாலை நிதிக்குப் போகிறது. அது கேலனுக்கு 18.4 சென்ட், 1993க்குப் பிறகு ஏறவே இல்லை. ரோடு போடும் செலவு மட்டும் ஏறிக்கொண்டே இருந்ததால், 2008 முதல் பொது நிதியிலிருந்து எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியதாயிற்று.

இனி பட்ஜெட் ஆவணம். உரையை விட்டுவிடுங்கள், அது கைதட்டலுக்கு எழுதியது. உங்கள் சேவைக்கான துறையின் செலவுப் பட்டியலை எடுங்கள். இந்திய பாணி ஆவணம் என்றால் முந்தின ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு என்று வரிசையாக இருக்கும். மற்ற நாடுகளிலும் திட்டமிட்டது, செலவானது என்று ஏதோ ஒரு வடிவில் இது கிடைக்கும். அறிவிப்புகளை எல்லாம் மறந்துவிட்டு உண்மைக் கணக்கை மட்டும் நாலைந்து ஆண்டுகளுக்கு எடுத்து வரிசையாக வையுங்கள். அப்புறம் அதில் சம்பளம், ஓய்வூதியம், வட்டி எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதில்தான் மருந்து, தார், பாடப்புத்தகம் எல்லாம். பாலம், குடிநீர்த் திட்டம் மாதிரிப் பெரிய வேலை என்றால் கடன் பகுதியையும் பாருங்கள், அதற்கு இந்த வருட வரி கட்டிமுடிக்கப் போதாது, அடுத்த பல வருடங்களின் வரி அதை அடைக்கும்.

வருவாய்ப் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சொந்த வருவாய் எத்தனை பங்கு, மேலிருந்து வந்தது எத்தனை பங்கு. கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்து, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தி, வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றும் கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. பள்ளிகளுக்கான பணமோ மாநிலத் தலைநகரிலிருந்து வர ஆரம்பித்தது, முடிவெடுக்கும் அதிகாரமும் கூடவே அங்கே போய்விட்டது. சொந்த வருவாய் சுருங்கிய உள்ளாட்சியிடம் போய்ச் சண்டை போடுவதில் ஓரளவுக்கு மேல் பயன் இல்லை.

உங்கள் தனிப்பட்ட பங்கைத் தெரிந்துகொள்ள ஆசையா? நீங்கள் கட்டும் நேரடி வரிகளோடு, வாங்கும் பொருளில் ஒட்டிக்கொண்டு வரும் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் (நான் வரியே கட்டுவதில்லை என்பவரும் கடையில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்). மட்டவாரியாகப் பிரித்து, அந்தந்த அரசின் செலவில் உங்கள் சேவைக்கு எத்தனை சதவீதமோ அதால் பெருக்குங்கள். தோராயமான எண்தான். பிரிட்டன் அரசு 2014 முதல் இப்படி ஒரு கணக்கை வரி கட்டுவோருக்கே தந்துவருகிறது. முதல் வருடம் 'நலத்திட்டம்' என்ற தலைப்பில் அரசு ஊழியர் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியையும் போட்டுவிட்டார்கள் என்று பெரிய சர்ச்சை ஆனது. எனவே தலைப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் வட்ட வரைபடத்தை நம்ப வேண்டாம்.

கடைசியாகக் கேள்வி கேட்கும் விதம். தகவல் கேட்கும் உரிமை ஸ்வீடனில் 1766இலேயே வந்துவிட்டது, இந்தியாவில் 2005இல், இன்னும் பல நாடுகளில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. "ஏன் வேலை நடக்கவில்லை?" என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். இந்த வேலைக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு விடுவித்தீர்கள், எவ்வளவு செலவானது, எந்தக் கணக்குத் தலைப்பில்? இப்படித் தனித்தனியாகக் கேளுங்கள். ஒதுக்கி விடுவிக்கவில்லை என்றால் தடை மேலே, விடுவித்தும் செலவாகவில்லை என்றால் கீழே. அந்தப் பதிலோடு சரியான அலுவலகத்துக்குப் போங்கள், முடிந்தால் அடுத்த பட்ஜெட்டுக்கான கருத்துக்கேட்பு நடக்கும்போதே, ஏனென்றால் பட்ஜெட் நிறைவேறிய பிறகு புதிதாக ஒரு தொகையைச் சேர்க்க வைப்பது பல மடங்கு கஷ்டம்.